புத்தகம் வந்துருச்சுங்க, பேச்சு மூச்சைக் காணோம்

கோவையில் ஜூலை, ஈரோட்டில் ஆகஸ்ட் என்று புத்தகத் திருவிழாக்கள் முடிந்து கொஞ்ச நாள் ஆனதும் இந்தப் பகுதிக்கு ஒரு தனிவகைக் கடிதம் வரத் தொடங்கும். எழுதுகிறவர்கள் எல்லாம் புதிதாகப் புத்தகம் போட்டவர்கள். இந்த முறை அது கொஞ்சம் அதிகம் என்பதால் மற்ற கேள்விகளை (மாமியார், தைராய்டு, தென்னையில் வெள்ளை ஈ) அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். பல வருடமாக எழுதிச் சேர்த்த சிறுகதைகள் ஜூலையில் புத்தகமாக வந்தன. வெளியீட்டு விழாவில் சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், பாராட்டிப் பேசினார்கள். நான்கு இதழ்களுக்கு மதிப்புரைக்காகத் தலா இரண்டு பிரதிகள் அனுப்பினேன். மூன்று மாதம் ஆகிவிட்டது, ஒரு வரி வரவில்லை. ராத்திரி எழுந்து போனை எடுத்துப் பார்க்கிறேன். திட்டி எழுதினால்கூடப் பரவாயில்லைங்க, இப்படி ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. புத்தகம் மோசமா, இல்லை யாரும் படிக்கவே இல்லையா?
– ஓர் ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் புத்தகம் எப்படி என்று எனக்குத் தெரியாது, நான் படிக்கவில்லை. மூன்று மாதம் யாரும் வாய் திறக்காததை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பிரதிகள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன். இதழ் அலுவலகத்தில் கூரியர் கவர்கள் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டே இருக்கும், யாராவது ஒருவர் நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து பிரிப்பார். தலைப்பு, ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்கம், விலை இவற்றை ‘வரப்பெற்றோம்’ பட்டியலுக்காகக் குறித்து வைப்பார்கள். அந்தப் பட்டியலும் இடம் இருந்தால்தான் வரும், கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் கிடைத்துவிட்டால் முதலில் கத்தரி விழுவது அதற்குத்தான். வந்தாலும் பொடி எழுத்தில், உங்கள் இனிஷியல் மாறி வரலாம். பிறகு ஒரு பிரதி அலமாரிக்குப் போகும், இன்னொன்று யாராவது ஒரு மதிப்புரையாளருக்குப் போகும். அவர் யார் என்கிறீர்கள்? மதிப்புரை எழுதியே பிழைக்கிறவர் என்று தமிழில் அநேகமாக யாரும் இல்லை. வங்கியில் வேலை பார்ப்பவர், கல்லூரியில் பாடம் நடத்துபவர், ரிட்டையர் ஆன தாசில்தார், இப்படி யாராவதுதான். அவர் மேஜையில் ஏற்கெனவே ஏழெட்டுப் புத்தகம் இருக்கும், அதில் பாதி சிநேகிதர்கள் எழுதியது. ‘எப்பங்க எழுதப்போறீங்க’ என்று அவர்கள் வாரம் ஒருமுறை போன் போடுவார்கள். உங்களுடையதை அவர் ஒரு நாள் ஈரோடு–சேலம் பஸ்ஸில் எடுத்துப் படிக்க ஆரம்பித்து, சங்ககிரியில் தூங்கி, சேலத்தில் இறங்கும்போது பைக்குள் வைத்து, அந்தப் பையை அடுத்த வெளியூர்ப் பயணத்துக்குத்தான் மறுபடி எடுப்பார். அப்புறம் எழுதியே அனுப்பினாலும், மாத இதழ் என்றால் அடுத்த மாதத்துப் பக்கங்கள் இந்த மாதம் பாதியிலேயே முடிந்துவிடும். சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி டிசம்பரிலும் ஜனவரியிலும் கொத்துக் கொத்தாக வந்த புத்தகங்களே ஆடி ஆவணி வரைக்கும் வரிசையில் நிற்கும். அவற்றுக்குப் பின்னால்தான் நீங்கள். மூன்று மாதம் என்பது தாமதமே கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்தார்கள். இப்போது தேவைக்கு ஏற்ப அச்சடிக்கிற வசதி வந்தபிறகு நூறு, இருநூறு என்று அடிக்கிற பதிப்பகங்கள் நிறைய. அந்த இருநூறில் வெளியீட்டு விழா அன்று எத்தனை போனது, அதில் ஒறம்பரைக்கும் சக ஆசிரியர்களுக்கும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வாங்கிய சொந்தக்காரர்கள் அதை ஹால் ஷோகேஸில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். பார்த்தால் ‘படிச்சேன் மாப்ள, நல்லாருக்குது’ என்பார்கள். எந்தக் கதை என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அடுத்த நோம்பிக்கு அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மதிப்புரை என்பது உங்களுக்கு வரவேண்டிய பதில் கடிதம் என்று நினைத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை யாரும் உங்களுக்கு எழுதுவதில்லை. இந்தப் புத்தகத்தை இன்னும் படிக்காத ஒருவருக்கு, இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒருவருக்கு எழுதுகிறார்கள். அந்தப் பேச்சில் நீங்கள் ஓர் ஆளே இல்லை. இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம்தான், எத்தனையோ வருடம் எழுதியவர்களே ஏற்றுக்கொள்வதில்லை, மதிப்புரையில் வரும் ‘ஆசிரியர்’ என்ற சொல்லைத் தேடித் தேடிப் படிப்பார்கள். ஆனால் ஒருமுறை இது புரிந்துவிட்டால், அது வரவில்லையே என்ற ஏக்கம் பெரும்பாலும் பதிப்பகத்தாருடைய கவலையாக மாறிவிடும். அவர்கள் படட்டும்.

உங்களுக்கு வேண்டியது வேறு. நீங்கள் எழுதியது இன்னொருத்தர் மனதில் போய் உட்கார்ந்ததா என்று தெரிய வேண்டும். அது இதழ் வழியாக வருவது குறைவு. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் உங்கள் போன் நம்பரைப் போட்டிருக்கிறீர்களா? போடாவிட்டால் அடுத்த பதிப்பில் போடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒருத்தர் கூப்பிடுவார். பெயரைச் சொல்ல மாட்டார். ‘ஏனுங்க, நீங்கதானுங்களா அந்தக் கெணத்து மேட்டுக் கதை எழுதுனது? அந்தக் கெழவி கடைசி வரைக்கும் மோட்டார் ரூம் சாவிய குடுக்க மாட்டேங்குதுங்களே, எங்க அப்பத்தாளும் அப்படித்தானுங்க’ என்று ஆரம்பித்து அவர்கள் வீட்டுக் கதையை முக்கால் மணி நேரம் சொல்வார். உங்கள் நடை, உத்தி, படிமம் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எனக்கு வந்த அழைப்புகளும் இந்த ரகம்தான். அந்த ஆள் உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டார்.

‘திட்டினால்கூடப் பரவாயில்லை’ என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அடுத்தடுத்த கடிதங்களைப் படியுங்கள்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் பனியன் தொழிலை வெச்சு ஒரு நாவல் எழுதியிருக்காருங்க. புஸ்தகம் வந்ததுல இருந்து மனுசன் ஒழுங்கா சாப்பிடறதில்லை. போன்ல சத்தம் கேட்டா ஓடறாரு, பார்த்தா லோன் வேணுமான்னு மெசேஜ். நான் முழுசா படிச்சுட்டு நல்லாருக்குன்னு சொன்னேன், நீ சொல்றது கணக்குல வராதுங்கறாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் கம்பெனியில செக்கிங்ல இருந்தவதானுங்க. நான் என்ன பண்ணட்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கணக்கில் வராது என்று அவர் சொன்னது தப்பு அம்மிணி. அந்த நாவலைப் பற்றிப் பேச மாநிலத்திலேயே உங்களைவிடத் தகுதியான ஆள் அவருக்குக் கிடைப்பது கஷ்டம். ஓவர்லாக் மெஷினையே கண்ணால் பார்த்திராத ஒருவர் சென்னையில் உட்கார்ந்து எழுதப்போகிற மூன்று பத்திக்காகப் பட்டினி கிடக்கிறார், வீட்டில் செக்கிங்கில் இருந்தவரை வைத்துக்கொண்டு.

ஆனால் நீங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘நல்லாருக்கு’ என்பதைத்தான் கல்யாண வீட்டில் சாப்பிட்டவரிலிருந்து எல்லோரும் சொல்கிறார்களே, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? செக்கிங் டேபிளில் பீஸைத் திருப்பிப் போட்டு ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று ஸ்டிக்கர் ஒட்டுவீர்களே, அப்படி அந்த நாவலைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் தூக்கம் வந்தது, எங்கே கண் கலங்கியது, சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு டெய்லர்கள் வெளியே வருகிற இடத்தில் அவர் எதை விட்டுவிட்டார், காண்ட்ராக்டர் பேசுகிற பேச்சு நிஜமாகவே அப்படி இருக்குமா. பென்சிலால் பக்கத்திலேயே குறித்துக் கொடுங்கள். முதல் நாள் கோபித்துக்கொள்வார். ரெண்டாம் நாள் ‘நாற்பத்தி மூணாம் பக்கத்துல என்ன போட்டிருக்கற?’ என்று வருவார். அந்த ராத்திரி சாப்பிட்டுவிடுவார், கவலைப்படாதீர்கள்.

நீங்களும் எழுதலாமே என்று சொல்ல வாய் வருகிறது. ஒரே வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு ரெண்டு பேர் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது, அதனால் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: நண்பர் ஒருவரும் நானும் ஒரே மாதத்தில் புத்தகம் வெளியிட்டோம். ‘நீ என்னுடையதுக்கு எழுது, நான் உன்னுடையதுக்கு எழுதுகிறேன்’ என்கிறார். காத்திருந்து காத்திருந்து எனக்கும் சரி என்றே தோன்றுகிறது. தப்பா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நட்பில் ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் பாராட்டுவது நம்மிடம் புதிதே இல்லை. அதற்கு இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியை உங்கள் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நம் பக்கம் சொல்வார்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் யார் எழுதலாம் என்று அவர் ஒரு பட்டியல் தருகிறார்: நூல் செய்தவனுடைய ஆசிரியர், கூடப் படித்தவன், மாணவன், உரை எழுதியவன். நாலு பேருமே வேண்டப்பட்டவர்கள். அவர்கள் குறை சொல்லப்போவதில்லை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும், அதனால் அதில் யாரும் ஏமாறுவதில்லை. இன்றைக்கு முன்னுரையும் அணிந்துரையும் பின்னட்டை வாசகமும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

உங்கள் நண்பர் கேட்பது பாயிரம். அதை மதிப்புரை என்று பெயர் மாற்றி இதழில் போடச் சொல்கிறார். படிப்பவருக்கு நீங்கள் ரெண்டு பேரும் சிநேகிதர்கள் என்று தெரியாது, அவர் இதை நம்பி இருநூறு ரூபாய் கொடுக்கிறார். நண்பரின் அடுத்த புத்தகத்துக்குத் தாராளமாக முன்னுரை எழுதிக் கொடுங்கள். இதற்கு வேண்டாம். இன்னொன்று, அவர் புத்தகம் உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று யோசித்தீர்களா? உங்கள் புத்தகத்தைப் படித்த பிறகு அவருக்கும் அப்படித் தோன்றாது என்று என்ன நிச்சயம்?

கேள்வி: என் கவிதைத் தொகுப்புக்கு ஒரு சிற்றிதழில் மதிப்புரை வந்தது. ‘இவற்றில் பாதி வானம்பாடிக் காலத்திலேயே எழுதி முடிக்கப்பட்டவை’ என்று ஒரே வரியில் அடித்துவிட்டார்கள். ரெண்டு வாரமாகத் தூக்கமில்லை. ஆறு பக்கத்துக்கு மறுப்பு எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?
– ஒரு கவிஞர், பொள்ளாச்சி

பதில்: கோபி ஆசிரியர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

மதிப்புரையில் தகவல் பிழை இருந்தால், அதாவது உங்கள் கவிதையைத் தப்பாக மேற்கோள் காட்டியிருந்தாலோ இல்லாத வரியை இருப்பதாகச் சொல்லியிருந்தாலோ, நாலு வரியில் திருத்தம் அனுப்புங்கள், போடுவார்கள். அபிப்பிராயத்துக்கு மறுப்பு எழுதக் கூடாது. ஆறு பக்கம் என்றால் கூடவே கூடாது. தொகுப்பைப் படிக்காதவர்களும் அந்த ஆறு பக்கத்தை ரசித்துப் படிப்பார்கள், உங்கள் பெயரைக் கேட்டால் இனிமேல் அவர்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மேலே சொன்ன பவணந்தி உங்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார் என்று யாராவது சொல்லக்கூடும். புலவன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று ஒரு சூத்திரத்தில் சொல்லிவிட்டு, அடுத்ததிலேயே நாலு இடத்தில் புகழ்ந்துகொள்ளலாம் என்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது (இன்றைக்கு விருதுக்கு விண்ணப்பம் போடுகிற படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்), தன் திறமை தெரியாதவர்கள் நடுவே, சபையில் வாதம் செய்து ஜெயிக்கிற நேரத்தில், அப்புறம் எதிராளி தன்னைப் பழிக்கும்போது. உங்கள் ஆறு பக்கம் நாலாவதில் அடங்கும் என்று தோன்றுகிறது இல்லையா? அடங்காது. மதிப்புரை எழுதியவர் உங்கள் எதிராளி இல்லை. உங்கள் புத்தகத்தை எடுத்து, கடைசி வரை படித்து, ஓர் அபிப்பிராயத்துக்கு வந்த வாசகர். அந்த அளவுக்கு உங்கள் புத்தகத்தோடு நேரம் செலவழித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

எழுபதுகளில் கோவையிலிருந்து கிளம்பிய வானம்பாடி இயக்கம் லேசுப்பட்டது இல்லை, நம் பக்கத்தில் கவிதை எழுத வந்த பலருக்கு வாயைத் திறந்துவிட்டது அதுதான். அதன் குரல் உங்கள் குரலுக்குள் இருந்தால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ‘பாதி’ என்று சொல்லியிருக்கிறார். தொகுப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எந்தப் பாதி என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். பிரிக்க முடிந்தால் அவர் சொன்னது சரி. மிச்சப் பாதி யாருடையது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: மற்றவர்கள் மதிப்புரை வரவில்லை என்று கவலைப்படுகிறார்கள். எனக்கு எங்கள் ஊர்க்காரர்கள் படித்துவிடுவார்களோ என்று பயம். நாவல் முழுக்க எங்கள் கிராமம்தான். யாராவது ‘எங்க சாதியைச் சொல்லிட்டான், எங்க கோயிலைச் சொல்லிட்டான்’ என்று கிளம்பினால்? ஆறு மாதம் ஓடிவிட்டது, இனிமேல் தப்பித்தேன் என்று நினைக்கலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. திருச்செங்கோட்டைப் பின்னணியாகக் கொண்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வந்தது 2010இல். எதிர்ப்பு கிளம்பியது 2014 டிசம்பரில். நடுவில் நான்கு வருடம். 2015 ஜனவரியில், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்து எழுதுவதை நிறுத்தினார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடலாம், படித்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று சொல்லி, அவர் மீண்டும் எழுத வரவேண்டும் என்றது.

ஆறு மாதம் ஆனதால் தப்பித்தோம் என்ற கணக்கு இதில் செல்லாது. மூன்று மாதத்தில் ஒன்றும் வராததால் புத்தகம் செத்தது என்று நினைப்பவர்களின் கணக்கும் அதே காரணத்தால் செல்லாது. ஒரு புத்தகத்தை யார் எப்போது எடுப்பார்கள் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். கதைக்குத் தேவைப்படாத இடத்திலும் நிஜமான வீட்டுப் பெயர், தோட்டத்துப் பெயர் இருந்தால் அடுத்த பதிப்பில் மாற்றுங்கள், அது பயத்துக்காக இல்லை, உயிரோடு இருக்கிற மனிதர்களுக்குக் கொடுக்கிற மரியாதை. கதைக்குத் தேவையானதில் கை வைக்காதீர்கள். ஊரில் நீங்கள் மதிக்கிற ரெண்டு பெரியவர்கள் இருந்தால் நீங்களே ஆளுக்கொரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். யாரோ ஒருத்தர் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் காட்டி அவர்களுக்குத் தெரிவதைவிட அது நல்லது.

கேள்வி: உரையாடல் முழுக்க நம்மூர்ப் பேச்சிலேயே ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியூர் விமர்சகர்கள் இதையெல்லாம் கண்டுகொள்வார்களா என்று என் தோழிகள் கேட்கிறார்கள்.
– ஒரு கல்லூரி மாணவி, தாராபுரம்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம். கொங்கு கிராமத்தில் ஒரு கைம்பெண் சொத்தில் தன் பங்கைக் கேட்கிற கதையை, நம் பேச்சைப் பாத்திரங்கள் வாயில் அப்படியே வைத்து ‘நாகம்மாள்’ என்று எழுதினார். வந்தது 1942, அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. விமர்சனத்துக்கு இடம் வேண்டும் என்றே சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியது 1959இல், பதினேழு வருடம் கழித்து. க.நா.சு. போன்ற விமர்சகர்கள் அந்த நாவலை விடாமல் எடுத்துப் பேசினார்கள், இன்றைக்கும் வட்டார நாவல் என்று பேச்சு எடுத்தால் முதலில் அதில்தான் வந்து நிற்கிறார்கள். எழுதி முடிப்பதற்கு முன்பே விமர்சகரைப் பற்றி யோசிக்க வைக்கிற தோழிகளைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் கண்ணு. எழுதி முடித்ததும் முதலில் உங்கள் வீட்டு ஆத்தாளிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பேச்சு எங்கே பொய்யாக இருக்கிறது என்று அவர் சிரிக்கிற இடத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: மதிப்புரையும் வரவில்லை, விற்பனையும் இல்லை. போன வருடம் வந்த புத்தகத்தில் அறுபது பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. என்ன செய்வது?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: உங்கள் தாலுகாவில் இருக்கிற கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்களுக்கு நேரில் போய் நூலகரிடம் நன்கொடையாக ஒவ்வொரு பிரதி கொடுங்கள், பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அங்கே பேப்பர் படிக்க வருகிறவர்கள் மழை பிடித்துக்கொண்டால் வேறு ஏதாவது எடுப்பார்கள். பிறகு பள்ளி நூலகங்கள், கல்லூரித் தமிழ்த் துறைகள். கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், மணமக்கள் பாவம். கட்டிலுக்கு அடியில் இருந்தது என்கிறீர்கள், கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். கரையான் ஏறியதைத் தள்ளி வையுங்கள், நூலக அலமாரிக்குப் போனால் பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவக்கூடும்.